அப்பா பிணமாக நடித்த படம்

எங்கள் அப்பா ஒரே ஒரு சினிமாவில் நடித்தார், அதிலும் பிணமாக. யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். நானும் கொஞ்ச காலம் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன்.

அப்பா மிருதங்கம் வாசிப்பவர். கடலூரில் குடியிருந்த ஒரு பெரிய பக்திப் பாடகருக்கு முதல் கச்சேரியிலிருந்து அவர்தான் வாசித்தார். ஆடி மாசம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் எந்த அம்மன் கோயில் ஸ்பீக்கரிலும் அந்தப் பாடகரின் குரல்தான் கேட்கும். கேசட் அட்டையில் நெற்றி நிறைய விபூதியோடு அவர் முகம் பெரிதாக இருக்கும். பின்னால் வாசித்தவர்களின் பெயர்களைப் படிக்க அம்மாவுக்குக் கண்ணாடி வேண்டும். அப்பாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை. இருவரும் சிதம்பரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். மேடையில் அவரை "அண்ணன்" என்பார், எங்கள் வீட்டு வாசற்படி தாண்டியதும் "மச்சான்" ஆகிவிடுவார். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமா.

சுனாமி வந்துபோன மறு வருஷம் மாமாவுக்கு சினிமா எடுக்கும் ஆசை வந்தது. வேறு யாருடைய கதையாவது என்றால் போகட்டும் என்று விடலாம். அவர் கதையை அவரே எடுக்கிறார். கதை, வசனம், பாட்டு, இசை, டைரக்‌ஷன் எல்லாம் அவரே. கதாநாயகனும் அவரே. டீ போடுவதற்கு மட்டும்தான் வெளி ஆள் என்று அப்பா கிண்டல் செய்வார். படத்தின் பெயரும் அவர் பெயர்தான், அதனால் அதை இங்கே எழுதப்போவதில்லை.

ஐம்பதைத் தாண்டிய மனிதர் இருபத்தைந்து வயதுப் பையனாக விக் வைத்துக்கொண்டு வந்து நின்றார். கடலூர் பீச்சில் முதல் பாட்டு எடுத்தார்கள். காற்று அந்த விக்கைத் தூக்கிக்கொண்டு போக, சுண்டல் விற்கிற பெண்மணி துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அன்றைக்கு யாராவது ஒருவர் அவர் தோளில் கை போட்டு, போதும் மாமா என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. அவர் பாட்டால் சோறு சாப்பிட்டவர்கள் நாங்கள், எங்கள் வாயிலிருந்து அது எப்படி வரும்?

கச்சேரிக்கு வந்து கேட்டவர்களையெல்லாம் படம் முடியட்டும் என்று திருப்பி அனுப்பினார். சேத்தியாத்தோப்பில், பண்ருட்டியில், வருஷா வருஷம் அவரைத் தவிர வேறு ஆளைக் கூப்பிடாத கோயில்களில்கூட வேறு ஆட்கள் பாட ஆரம்பித்தார்கள். அப்பாவின் மிருதங்கம் உறைக்குள்ளேயே இருந்தது.

அப்போதுதான் மாமா வீட்டுக்கு வந்து, படத்தில் தன் அப்பா வேஷத்துக்கு எங்கள் அப்பாவைக் கேட்டார். அப்பா அவரைவிட இரண்டு வயது சின்னவர். ஆனால் மாமா தலைக்கு மை பூசுவார், அப்பா பூசமாட்டார். அந்த ஒரு வித்தியாசத்தில் அப்பாவுக்கு அப்பா வேஷம் வந்து சேர்ந்தது. பெரிய வேலை ஒன்றும் கிடையாது, ஒரே காட்சி. மகன் முதல் மேடை ஏறிப் பாடிவிட்டு வீட்டுக்கு வரும்போது தகப்பன் செத்துக் கிடப்பார். மகன் பிணத்தின் முன்னால் உட்கார்ந்து பாடுவான்.

அப்பா உடனே சரி என்றார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் முறை, மரியாதை எல்லாம் அப்புறம்தான். உசுரோடு இருக்கிற மனுஷன் காலில் கட்டுப் போட்டு, மூக்கில் பஞ்சு வைத்து, அதை ஊருக்கெல்லாம் படம் போட்டுக் காட்டுவீர்களா, உங்கள் வீட்டில் ஆளே இல்லையா என்று கேட்டாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். கூட வந்திருந்த மேனேஜர்தான் சமாதானம் செய்தார். சினிமாவில் இதற்கு ஒரு வழி இருக்கிறது என்றார்.

"கட் சொன்னதும் ஐயா எழுந்து உக்காந்து கேமராவப் பாத்து சிரிப்பாரும்மா. அந்த சிரிப்பையும் படம் புடிச்சிடுவோம். பூசணிக்கா ஒடச்சிடுவோம். அதோட கண்டம் கழிஞ்சிடும். எல்லா படத்துலயும் இதான் வழக்கம்."

அம்மா அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். கேமராவைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டுமா, வேறு எங்காவது பார்த்தால் ஆகாதா என்றுகூடக் கேட்டாள். கேமராவைப் பார்த்துத்தான் என்றார் மேனேஜர். கடைசியில், தானும் வந்து பக்கத்தில் நிற்பதாக இருந்தால் சரி என்றாள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அப்பா வாயைத் திறந்து சிரித்த போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் கிடையாது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் பாதி உடைந்துபோனது. வெளியாள் முன்னால் உதட்டை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். கல்யாண போட்டோவில்கூட ஏதோ கோபத்தில் நிற்கிற மாதிரி இருப்பார். வீட்டில் மட்டும், அதுவும் அம்மா யாரையாவது திட்டிக்கொண்டிருக்கும்போது, அந்த உடைந்த பல் தெரிய வாய்விட்டுச் சிரிப்பார். அம்மாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

கீரப்பாளையம் பக்கம் வயலை ஒட்டிய ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஷூட்டிங். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் போனேன். நான் அப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போனதும் பார்த்தது அப்பாவைத்தான். நடுவாசலில் பெஞ்சு மேல் படுக்க வைத்திருந்தார்கள். தாடையைச் சேர்த்துத் தலையோடு வெள்ளைத் துணிக் கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து ஒரு கட்டு. என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். அம்மா பெஞ்சுக்கு எதிரில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமா முன்னாலேயே சொல்லிவிட்டார். இந்தப் பாட்டை ஸ்டுடியோவில் பாடி வைத்துக்கொண்டு வாயசைக்க மாட்டேன், இங்கேயே நேராகப் பாடுவேன், நடுவில் யாரும் நிறுத்தக்கூடாது, கட் நான்தான் சொல்வேன். அப்போதெல்லாம் பிலிம் ரோலில்தான் படம் எடுப்பார்கள். கேமராவில் மாட்டியிருக்கிற ரோல் இவ்வளவு நேரம்தான் ஓடும் என்று ஒரு கணக்கு உண்டு. அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற நிலையில் இல்லை.

பாடினார். ஐயோ, என்ன பாட்டு அது! விக்கையும் ஒட்டு மீசையையும் மறந்துவிட்டுக் கேட்டால், அவர் வாழ்நாளில் அப்படிப் பாடியதில்லை. லைட் பிடித்துக்கொண்டிருந்த ஆள் அழுதார், வேலிக்கு வெளியே நடவுக்குப் போகிற பெண்கள் நின்றுவிட்டார்கள். முடிகிற மாதிரி வந்து, முடிக்காமல் மறுபடி முதலிலிருந்து எடுத்தார். அப்புறம் இன்னொரு தரம். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு வெயிலில் கிடந்தார். முகத்தில் ஈ உட்கார்ந்தது, அசையவில்லை. எனக்கு மாமாவின் பாட்டு பிடித்துக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் எரிச்சலாகிவிட்டது. போதும் எழுந்திருக்க விடு என்று வாய்வரை வந்தது.

கடைசியில் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சின் மேலேயே கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லாரும் அவரிடம் ஓடினார்கள். கேமராக்காரரும் மேனேஜரும் அவர் காதருகே குனிந்து என்னவோ கேட்டார்கள், அவர் கையை வீசி என்னவோ சொன்னார். நானும் தண்ணீர்ச் சொம்போடு பின்னால் நின்றேன். யாரோ அப்பாவின் தாடைக்கட்டை அவிழ்த்தார்கள். அப்பா எழுந்து, மாமாவின் தோளைத் தட்டி எதையோ முணுமுணுத்துவிட்டு, நேராக உட்கார்ந்தார். "ஐயா, சிரிங்கய்யா" என்றார் மேனேஜர். கேமரா இடது பக்கம் இருந்தது. அப்பா அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. தோள் குலுங்குவதைப் பார்த்து, வாய்விட்டுச் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அம்மா கையை நீட்டி, அங்கே பாரு அங்கே பாரு என்று கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தாள். பூசணிக்காய் உடைத்தார்கள். முடிந்தது.

திரும்பி வருகிற டவுன் பஸ்ஸில் அம்மா அப்பாவை ஒரு பிடி பிடித்தாள். கேமரா அந்தாண்ட இருக்கிறது, இவர் இந்தாண்ட திரும்பி இளிக்கிறார், ஒரு காரியம் உருப்படியாகச் செய்யத் தெரியுமா என்று சிதம்பரம் வரைக்கும் திட்டினாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, "அதான் சிரிச்சாச்சுல்ல, விடு" என்றார்.

படம் ஒருவழியாக முடிந்து, சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் வந்தது. முதல் நாள் பாதி சீட்டில் எங்கள் குழுவின் குடும்பங்கள்தான், மீதிக்குக் கீரப்பாளையத்து ஆட்களை வேன் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். அப்பா வந்த காட்சியில் பாட்டு ஆரம்பித்தபோது கொட்டகை அமைதியாக இருந்தது. பாட்டு முடியாமல் போகப் போக, ஒவ்வொருவராக முறுக்கு வாங்க எழுந்து போனார்கள். பின்னாலிருந்து ஒருவன், பெரியவரை சீக்கிரம் எடுங்கய்யா என்று கத்தினான். மாமா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை அசையவேயில்லை.

படம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரிக்கிற காட்சி இனிமேல்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதையெல்லாம் படத்தில் காட்டமாட்டார்கள், அது திருஷ்டிக்காக எடுப்பது என்று நான் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. பிறகு அந்தச் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். "எங்கயாவது பொட்டியில கெடக்கும், வா" என்று சொல்லிவிட்டு அப்பா முன்னால் நடந்தார்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. மாமா வெளியே வருவதை விட்டுவிட்டார். கச்சேரிகளுக்குத் திரும்பிப் போகலாம் என்றால், அந்த இடங்களில் வேறு ஆட்கள் நிலைத்துவிட்டார்கள். குழு கலைந்தது. அப்பா யாருக்கு வேண்டுமானாலும் வாசிக்கப் போயிருக்கலாம், கூப்பிடவும் செய்தார்கள். "மச்சான் பாடட்டும், வாசிக்கிறேன்" என்பார். அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஆடி மாசக் காலையில் அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. ஆட்டோவில் ஏற்றும்போது மூச்சு இருந்தது, ஆஸ்பத்திரி வாசலில் இல்லை. தெருமுனைக் கோயிலில் மாமாவின் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரோ போய் நிறுத்தச் சொன்னார்கள்.

சாவு வீட்டில் அம்மா அழவில்லை. பெரியப்பா வந்து கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டக் குனிந்தபோது மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒருதரம் கட்டுனீங்களே, பத்தாதா?"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் நின்ற மாமாவுக்குப் புரிந்தது. யாரோ விவரம் தெரியாமல் அவரை ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகுதான் அம்மாவை அந்த நினைப்பு பிடித்துக்கொண்டது. அப்பா கேமராவைப் பார்த்துச் சிரித்திருந்தால் கண்டம் கழிந்திருக்கும். தான் எதிரில் போய் நின்றதால்தான் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தான் போகாமல் இருந்திருந்தால் அப்பா உயிரோடு இருந்திருப்பார். இதைச் சோறு போடும்போது சொல்வாள், துணி மடிக்கும்போது சொல்வாள். நான் டீச்சர் பாஷையில் விளக்கினேன், கத்தினேன், ஒரு நாள் மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த காகிதத்தைக் கொண்டுவந்து முன்னால் போட்டேன். அம்மா அதை மடித்து என்னிடமே கொடுத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தச் சிரித்த பிலிமைப் பார்க்க வேண்டும். ஒரு நொடியாவது அப்பா கேமரா பக்கம் பார்த்துச் சிரித்திருக்கிறாரா, இல்லையா? பார்த்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்குவாள். மாமாவிடம் கேட்டு வாங்கி வா என்று வருஷக்கணக்காக என்னை அரித்தாள். அந்த மனிதர் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

இரண்டாயிரத்துப் பதினொன்று முடிகிற நேரம் 'தானே' என்று பெயர் வைத்த புயல் வந்தது. கடலூரில் கூரை என்று எதுவும் மிச்சமில்லை என்று கேள்விப்பட்டதும் அம்மா அன்றைக்குச் சோறுகூட வைக்கவில்லை. படப்பெட்டிகள் எல்லாம் மாமா வீட்டு மொட்டை மாடி ஷெட்டில்தான் இருந்தன. நனைந்தால் அப்பாவின் சிரிப்பு போய்விடும். "இன்னைக்கிப் போறியா, நானே போவட்டுமா" என்றாள். லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

வழியெல்லாம் மரங்கள் சாய்ந்து கிடந்தன, கரண்ட் கம்பங்கள் வரிசையாக மடங்கியிருந்தன. மாமா மாடியில் இருந்தார். ஷெட் தகரம் பறந்துபோய், பெட்டிகளைத் திறந்து பிலிமை வெயிலில் காயப் போட்டிருந்தார். நனைந்த பிலிமின் புளித்த நெடி மூக்கைத் துளைத்தது. தலையில் மையும் இல்லை, விக்கும் இல்லை, முழு வெள்ளை. எங்கள் அப்பாவுக்கு அப்பா மாதிரி இருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தேடி பிரயோசனம் இல்ல பாப்பா. அது இங்க இல்ல. எங்கயுமே இல்ல."

அழுகிவிட்டதா என்று கேட்டேன்.

"எடுக்கவே இல்லம்மா. நான் பாடிக்கிட்டே இருந்தேன்ல, அதுலயே ரோல் தீந்துபோச்சு. கேமராக்காரரு கைய ஆட்டி ஆட்டிக் காட்டினாரு. பாத்தேன். நிறுத்த மனசு வரல. முடிஞ்சதும் வந்து, சிரிப்புக்கு வேற ரோல் மாத்தணும், கொஞ்சம் பொறுங்கன்னாங்க. நான் அழுதுகிட்டு இருந்தேன். பிலிம் இல்லாமயே சும்மா ஓட்டுங்கய்யா, யாருக்குத் தெரியப் போவுதுன்னுட்டேன்."

என் வாயில் என்னவெல்லாமோ வந்தது, சொன்னேன். நீ ஒரு சரணம் குறைத்துப் பாடியிருந்தால் குடி முழுகிப் போயிருக்குமா என்று, வாழ்க்கையில் முதல் தரமாக அவரை நீ போட்டுக் கேட்டேன். எங்கள் அம்மா இத்தனை வருஷம் தன்னைத் தானே கொன்றுகொண்டிருக்கிறாள் என்றேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். நான் கிளம்பத் திரும்பியபோதுதான் மீதியைச் சொன்னார்.

"உங்கப்பனுக்குத் தெரியும். பொணமா படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டான். எழுந்ததும் எங்காதுல சொன்னான்: 'மச்சான், அவ நிக்கிறா. பிலிம் இல்லன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. வாயத் தொறக்காத. நான் அவளுக்கே சிரிச்சிட்டு வந்துர்றேன்.'"

பஸ்ஸில் வரும்போது, பிலிம் நனைந்து வீணாகிவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் அம்மா சாகும்வரை சந்தேகத்திலேயே இருப்பாள். அப்பா அவளை நினைத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையும் அவளுக்குப் போய்ச் சேராது. நடந்ததை அப்படியே சொல்வது என்று முடிவு செய்தேன்.

அம்மா முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புயலில் முறிந்த எங்கள் மரத்தின் கீரை. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பிலிம் இல்லை என்று தெரிந்தேதான் தன்னைப் பார்த்தாரா என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உன்னால் ஒன்றும் கெடவில்லை, அது உனக்காகச் சிரித்ததுதான் என்றேன். அதைக் கேட்டு அவள் கொஞ்சம் ஆறுதலாவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த கீரைக் காம்பு கீழே விழுந்தது.

எப்படிச் சிரித்தார் அம்மா, எனக்கு முதுகுதானே தெரிந்தது, பல் தெரியச் சிரித்தாரா என்று கேட்டேன்.

அப்பா செத்த அன்றைக்கு வராத அழுகை அம்மாவுக்கு அப்போதுதான் வந்தது.

"எனக்கு எப்பிடிடீ தெரியும்? அவரு என் பக்கம் திரும்பி வாயத் தொறந்ததும், நான் கேமராவத் திரும்பிப் பாத்துட்டேனே. ஓடுதா இல்லியான்னு."